மூன்று விவாகரத்தும் ஒரு மீன் பாட்டும்

தானே பாட்டெழுதி, தானே கிட்டார் அடித்து, தானே பாடுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: பிழை விட்டது யார் என்று தேடவேண்டியதில்லை.

நான் பதினேழு வயதில் ஒஸ்லோவில் மேல்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, கன்ட்ரி பாட்டு அல்பம் ஒன்று போட வெளிக்கிட்டவள். கிட்டாரும் புழுதி ரோட்டும் பிரிவுத் துயரமுமாக வருமே, நோர்வேஜியர்கள் காரில் போட்டுக்கொண்டு போவார்களே, அந்தப் பாட்டு. கலைக்காக விட்டேன் என்றால் பொய். கணக்கும் வரவில்லை, பொறுமையும் வரவில்லை. டாக்ஸி ஓடுகிற அப்பா இரண்டு நிபந்தனை வைத்தார். ஒகஸ்டில் பள்ளி தொடங்க முன்னம் சீடி வரவேண்டும். அது நாலு சனத்துக்குச் சொல்லக்கூடிய மாதிரி இருக்கவேண்டும். ஒன்று பிழைத்தாலும் திரும்ப வகுப்புக்கு. என்னைப்போல இடையில் விட்டவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேரம் நடந்திருக்கும்.

குதிரை

ஒஸ்லோவின் குருனர்லொக்காப் பகுதியில் ஒரு நிலவறை ஸ்டூடியோ. நடத்துகிறவர் ஸ்டைனார், தாடிக்காரர், பண்ணையில் வளர்ந்தவர். எழுதி வைத்திருந்த பாட்டுகளை முதல் நாளே ஒரே மூச்சில் பாடிக் காட்டினேன், எல்லாம் நோர்வேஜியனில். விஸ்கி, குதிரை, விட்டுப் போன புருஷன், திரும்பி வராத ரயில். எனக்கே கண் கலங்கியது.

குதிரையில் ஏறியிருக்கிறாயா என்று கேட்டார். ஊர்வலம் ஒன்றில் பொலிஸ் குதிரை என் காலை மிதிக்கப் பார்த்தது என்றேன். விஸ்கி? அப்பாவின் நண்பர்கள் குடித்த கிளாஸ் கழுவியிருக்கிறேன். ரயில்? பக்கத்து ஊர் லில்லெஸ்ட்ரோம் ரயில். அது எப்போதும் திரும்பி வரும். அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "உன் பாட்டில் மூன்று விவாகரத்து இருக்கிறது. உனக்கு வயது பதினேழு. உன் வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லையா?"

ராகுகாலம்

பதிவு தொடங்க ஸ்டைனார் தந்தது டிசெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. குசினியில் தொங்கும் தமிழ்க்கடைக் கலண்டரைப் பார்த்த அம்மா, பன்னிரண்டு மணி வரை ராகுகாலம், அதுவரை வாய் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டா. அம்மாவோடு கதைத்து வெல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஸ்டூடியோ வாசலில் பனிக்குள் ஒரு மணித்தியாலம் நின்றேன். சிகரெட் பிடிக்க வந்த ஸ்டைனார், ஏன் உள்ளே வரவில்லை என்றார். கெட்ட நேரம் முடியட்டும் என்றேன். பாடப் பயப்படுகிறேன் என்று நினைத்து, தோளில் தட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டு அடிக்க இறங்கிப் போய், விறைத்த விரலோடு முதல் பாட்டைப் பாடினேன்.

பின்னேரம் கனடாவிலிருந்து பெரியம்மா போன் எடுத்தா. ராகுகாலத்தைச் சூரியன் உதிக்கிற நேரத்தை வைத்துத்தான் கணிக்கிறதாம். எங்கள் கலண்டர் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு அடித்தது. ஒஸ்லோச் சூரியனோ டிசெம்பரில் ஒன்பது மணி தாண்டித்தான் எழும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், பதினொரு மணிக்குப் பாடியிருந்தால் நல்ல நேரம்; நான் காத்து நின்று பாடியது சரியாக ராகுகாலத்துக்குள். அம்மா கலண்டரைத் திரும்ப ஒருதரம் பார்த்தா. "அப்ப முதல் பாட்டை மட்டும் அழிச்சுப்போட்டுத் திருப்பிப் பாடு பிள்ளை. மிச்சம் பரவாயில்லை."

மீன்

ஸ்டைனார் கேட்டது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் நடந்ததென்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பா நோர்வேக்கு வந்து முதலில் வேலை செய்தது வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில், மீன் வெட்டுகிற தொழிற்சாலையில். ஒஸ்லோவில் யாருக்கும் அதைச் சொல்லமாட்டார். வடக்கில் ஒரு கொம்பனியில் இருந்தனான் என்பதோடு நிறுத்திவிடுவார். கலியாண அல்பத்தில் எல்லாப் படத்திலும் அப்பா ஏன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். எத்தனை தரம் கழுவியும் மீன் மணம் போகவில்லை, அந்த வெட்கம் என்றா.

அதை அப்படியே பாட்டாக்கினேன். அரை மணித்தியாலத்தில் எழுதி முடிந்தது. புருஷன் விட்டுப் போன பாட்டுக்கு ஆறு மாதம் மினக்கெட்டவள் நான். ஸ்டைனார் இரண்டு தரம் போட்டுக் கேட்டார். இதை அப்பா சனத்துக்குச் சொல்லமாட்டார், இரண்டாவது நிபந்தனை பிழைத்துவிடும், எடுத்துவிடுவோம் என்றேன். அவர் சொன்னார்: "எடுக்கலாம். எடுத்தால் மிஞ்சுவது குதிரைதான்."

சீடி மேசை

மே மாதம் சீடி வந்தது. லில்லெஸ்ட்ரோமில் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் இரண்டு பாட்டுப் பாட விட்டார்கள். குதிரைப் பாட்டுக்கு ஒருவரும் நிமிரவில்லை. கொத்துரொட்டி வந்த நேரம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மீன் பாட்டைத் தொடங்கினேன். கரண்டிச் சத்தம் நின்றது. நோர்வேஜியன் வராது என்று எந்த அலுவலுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற மாமாக்களுக்கு அந்தச் சொற்கள் மட்டும் நன்றாக விளங்கின. இரண்டாவது அடியில் அப்பா எழும்பி, காரைப் பார்க்கிற சாட்டில் வெளியே போனார். பாட்டு முடிந்தும் கைதட்டல் இல்லை. நிகழ்ச்சி நடத்தியவர் மைக்கை வாங்கி, கேக் வெட்டக் கூப்பிட்டார்.

ஒகஸ்டில் வகுப்பில் எந்த வாங்கில் இருத்துவார்கள் என்று யோசித்தபடி சீடிகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினேன். வடக்கில் மனேஜராக இருந்ததாக எல்லோருக்கும் சொல்லித் திரிகிற ஒரு மாமா வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு சீடியைக் கோட்டுக்குள் வைத்தார். "பிள்ளை, நான் ஹம்மர்பெஸ்டிலை வெட்டினனான். எங்கடை இடத்தையும் ஒரு வரியிலை போட்டிருக்கலாமே."

ஏழாவது பாட்டு

அதற்குப் பிறகு அப்பா மீன் பாட்டைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. பள்ளியைப் பற்றியும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை, மரியாதை எல்லாம் இல்லை, பயம். ஜூலையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டிலிருந்து நிமிராமலே அவராகத் தொடங்கினார்.

"அந்த ஏழாவது பாட்டை முதலாவதாய்ப் போட்டிருக்கலாம் பிள்ளை. டாக்ஸியிலை ஆள் ஏறின உடனை பட்டனை ஆறு தரம் அமத்த வேண்டிக்கிடக்கு. பிறகு ஆரைப் பற்றின பாட்டெண்டு கேப்பினம். படத்திலை கையை ஒளிக்கிறவன் நான்தான் எண்டு சொல்லுறனான்."

ஒகஸ்டில் பள்ளி தொடங்கியது, என்னை யாரும் எழுப்பவில்லை, ஆனால் நான் கண்ணீர் விட்டு எழுதிய அந்த மூன்று விவாகரத்தையும் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் கேட்டு முடிக்கவில்லை.