ஜாக்கி இறங்கவில்லை

"யக்கா, நீங்க குடுத்த ஜாக்கி இறங்குது! கீழ பாண்டி கெடக்கான்!"

கோவில்பட்டியில் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். திட்டு, பேரம், புளுகு எல்லாம் கேட்டுப் பழகிய காதுதான். அன்று மத்தியானம் அந்த போனைக் கேட்டதும், பில்லுக்கு நின்றவரை அப்படியே விட்டுவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவுண்டர்மேல் வைத்தேன். பேசியது செல்லையா. புதியம்புத்தூரிலிருந்து ரெடிமேட் துணி பண்டல் ஏற்றுகிற வேன்காரர். பாண்டி அவர் மச்சினன்.

1. விற்ற கதை

முந்தின வாரம்தான் கடைக்கு வந்தார். "இருக்கதுலயே சின்னதா, சல்லிசா ஒரு ஜாக்கி குடுங்கக்கா."

விடுவேனா? வண்டியைத் தூக்கி நிறுத்துகிற இந்த ஜாக்கி என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. அதற்குள்ளே இரண்டு பிஸ்டன். ஒன்று விரல் தடிமன், இன்னொன்று மணிக்கட்டுத் தடிமன். கைப்பிடியை அமுக்கினால் சின்னது எண்ணெயைப் பெரியதற்குத் தள்ளும். எண்ணெயை எவ்வளவு அமுக்கினாலும் சுருங்காது. அதற்கு வேறு போக்கிடம் இல்லை, பெரிய பிஸ்டனைத் தூக்கித்தான் ஆகவேண்டும். போன எண்ணெய் திரும்பி வராமல் நடுவில் ஒரு வால்வு இருக்கும். இறக்க வேண்டுமானால் பக்கத்துத் திருகைத் தளர்த்த வேண்டும். ஒற்றைக் கையால் ஒரு வேனையே தூக்கலாம் என்றால் சும்மாவா!

"உங்க வேனு எடை, ஏத்துத பண்டல் எடை, ரெண்டையும் கூட்டி அதுக்கு மேல டன்னு தாங்குத ஜாக்கியா வாங்கணும். பஞ்சராகி வண்டி உக்காந்தாலும் ஆக்சிலுக்குக் கீழ நுழையுத உயரமான்னு பாக்கணும். தூக்கும்போது மேல வருத கம்பியில துருவோ கீறலோ இருக்கப்படாது."

உள்ளே இருந்து முதலாளி அண்ணாச்சி, "ஏ தாயி, ஜாக்கி விக்கியா, காலேஜு நடத்துதியா?" என்றார்.

காதில் வாங்கவில்லை. செல்லையாவின் வேனையே வாசலில் தூக்கிக் காட்டினேன். கம்பி வெளியே வருகிற இடத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். கோடு அங்கேயே இருந்தது. "எப்பத் தூக்குனாலும் இப்படிக் கோடு போடுங்க. கோடு உள்ள போனா ஜாக்கியில கோளாறு" என்று சொல்லி அனுப்பினேன்.

2. நாகலாபுரம் ரோட்டில்

ரோட்டோரம் கரிசல் மண்ணில் வேனை நிறுத்தி, பின் டயரைக் கழற்றியிருக்கிறார்கள். நட்டு ஒன்று உருண்டு வண்டிக்கு அடியில் போக, அதை எடுக்க பாண்டி மல்லாந்து உள்ளே நுழைந்திருக்கிறான். வண்டி இறங்கத் தொடங்கிவிட்டது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் அவன் நெஞ்சைத் தொட்டுவிட்டது. வெளியே வர வழியில்லை.

"இன்னும் நாலு அமுக்கு அமுக்கவாக்கா?"

"கை வைக்காத! கோடு போட்டியா? எங்க இருக்கு?"

"போட்டேன்... அந்த எடத்துலயேதான் இருக்கு!"

"எண்ணெ கசியுதா?"

"இல்ல."

அப்படியானால் ஜாக்கி இறங்கவில்லை, மண் இறங்குகிறது! இரண்டு நாள் முன்னால் மழை. கரிசலில் மேலே காய்ந்து பொருக்காக இருந்தாலும் உள்ளே களிதானே. அமுக்க அமுக்க ஜாக்கி இன்னும் புதையும். பதட்டத்தில் எனக்கு மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"ஏலே, கழட்டுன டயரைப் படுக்கப் போட்டு சேஸிஸுக்குக் கீழ தள்ளு! அது அகலம், சட்டுனு புதையாது. இடைவெளியில திணிக்க கட்டை ஏதும் கெடக்கா?"

"பண்டல் இறக்குத பலகை கெடக்குக்கா!"

"அதைத் திணி!"

கடையே போனைச் சுற்றி நின்றது. தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நின்னுட்டுக்கா, ஆனா அவன் வரமுடியலையே!"

"மண்ணுதான் குழியுதே! ஜாக்கிப் பக்கம் போகாம, அவன் முதுகுக்குக் கீழ தோண்டு!"

வீல் ஸ்பானராலும் கையாலும் தோண்டினார். அவர் மூச்சு இரைப்பது இங்கே கேட்டது. அண்ணாச்சி முருகா முருகா என்று முனகிக்கொண்டே இருந்தார். அப்புறம் போனில் புதுக் குரல் ஒன்று வந்தது.

"யக்கா, பாண்டி பேசுதேன். நட்டும் கெடச்சிட்டு."

நான் சத்தம்போட்டுச் சிரித்தேன், அழவும் செய்தேன். ஜாக்கியை விழுங்கிய அதே மண்தான் அவனை விட்டுக்கொடுத்தது.

3. பலகை

அன்று முழுக்க ஒன்று உறுத்தியது. டன், வால்வு, கோடு எல்லாம் வாய் வலிக்கச் சொன்ன நான், அது எதன்மேல் நிற்கும் என்று சொல்லவே இல்லை. வண்டிக்கு முட்டாக ஸ்டாண்டு வைக்காமல் தலையை உள்ளே விடாதே என்றும் சொல்லவில்லை. கடை வாசலில் சிமெண்டுத் தரை. அதன்மேல் நின்று பாடம் நடத்தியதால் மண் எனக்கு மறந்தே போயிற்று. ஜாக்கிக்கு அடியில் போட வேண்டிய பலகை வண்டிக்குள்ளேயே சும்மா கிடந்திருக்கிறது!

இப்போது ஒவ்வொரு ஜாக்கியோடும் ஒரு தடிப் பலகையைக் கட்டித்தான் கொடுக்கிறோம். அண்ணாச்சியே மரக்கடைக்குப் போய் அறுத்து வருகிறார்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "யக்கா, இது எத்தன டன்னு தாங்கும்?"

"அதச் சொல்லுதேன். மொதல்ல நீங்க சொல்லுங்க, எந்த மண்ணுல நிக்கப் போவுது?"