அம்மணி மெல்ல நடக்கிறாள்

ஏணியின் மூன்றாம் படியில் நின்றுகொண்டு உஸ்தா ஷஹாத்தா, கல்யாண உடுப்புக் கடையின் கூரையில் குளிர்காற்று வரும் கிரில்லுக்கு எதிரே ஒரு வெள்ளை வலைத்துணி நாடாவைப் பிடித்திருக்கிறார். நாடா சோம்பலாக ஆடுகிறது. "நடக்குறா அம்மணி, நல்லா நடக்குறா" என்று கத்துகிறார். கீழே ஏணியைப் பிடித்திருக்கும் கடைக்காரி மதாம் இன்ஷிராஹ் முகத்தைச் சுளிக்கிறாள். கத்துகிறோம் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு அது பேச்சு.

அம்மணி என்பது அடித்தளத்து மிஷின் அறையில் இருக்கும் ராட்சசக் காற்றாடி. கெய்ரோவில் அத்தாபாப் பக்கம், ஜவுளிக் கடைக்காரர்களும் வக்கீல்களும் பல் டாக்டர்களும் நெருக்கியடிக்கும் ஒரு கட்டடம் முழுவதற்கும் குளிர்காற்றை ஊதி அனுப்புகிறவள். கட்டின பெண்டாட்டியோடு இருந்ததைவிட அவளோடு இருந்த நேரம்தான் ஷஹாத்தாவுக்கு அதிகம். அவள் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அந்த உச்சத்திலேயே நின்றுவிட்டது. துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் கத்துவார், சண்டைக்கு ஆள் வந்துவிட்டதென்று வீட்டார் எழுந்து நிற்பார்கள். இரண்டு காதிலும் பஞ்சு. அவரைக் கூப்பிட வேண்டுமானால் சாவிக்கொத்தால் தகரக் குழாயைத் தட்ட வேண்டும்.

உஸ்தா என்றால் மேஸ்திரி, ஷஹாத்தா என்றால் பிச்சை. முன்னே பிறந்த இரண்டும் தங்காமல் போக, இதையாவது விட்டுவை என்று கடவுளிடம் கையேந்தி வாங்கிய பிள்ளை. நம் பக்கத்துப் பிச்சைமுத்து மாதிரிதான். "பேருதான் பிச்சை, இதுவரைக்கும் யாருகிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு வீம்பு உண்டு.

அந்த வீம்பை விட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. காற்றாடியின் வேகத்தைத் தேவைக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும் ஒரு பெட்டி.

எகிப்தியர் வாயில் எப்போதும் நிற்கும் பழமொழி ஒன்று: காற்று வருகிற கதவைச் சாத்து, நிம்மதியாக இரு. வம்பு வருகிற வழியை அடை என்பதற்குச் சொன்னது. இந்தக் கட்டடத்துக்காரர்கள் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். குளிர் தாங்கவில்லை என்றால் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கிரில்லில் செருகுவார்கள். வக்கீல் பழைய கேஸ்கட்டைச் செருகியிருந்தார். கீழே அம்மணி உயிரைக் கொடுத்து ஊதுவாள், மேலே இவர்கள் அடைத்து வைப்பார்கள். "மைக்ரோபஸ்காரன் ஒரு காலால பிரேக்கையும் இன்னொரு காலால ஆக்ஸிலேட்டரையும் மிதிக்கிற கதை. கதவைச் சாத்தாதீங்கப்பா, காத்தைக் குறைங்க" என்று ஷஹாத்தா மாடி மாடியாகச் சொன்னார். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் கரண்டு பாதியாகிவிடும் என்றார். யாரும் நம்பவில்லை. "இந்த மாடிப்படிய ஓடி ஏறு, அப்புறம் நடந்து ஏறு. எதுல நாக்குத் தள்ளுதுன்னு வந்து சொல்லு" என்றார். அது எல்லோருக்கும் புரிந்தது, ஏனென்றால் லிப்ட் அன்றைக்கும் ஓடவில்லை.

உரிமையாளர் சங்கம் பெட்டியை மாட்ட ஒப்புக்கொண்டது. ஒரு கோடைக்கு மட்டும், குடியிருப்பவர்களுக்குப் பிடிக்காவிட்டால் கழற்றிவிட வேண்டும் என்ற பேச்சோடு.

அவர் யாரிடமும் சொல்லாதது வேறு. இடது காது போய்விட்டது. இரைச்சலில் இப்படியே இருந்தால் வலதும் போகும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. இன்ஷிராஹுக்கு மட்டும் தெரியும். "சங்கத்துல சொல்லேன் உஸ்தா, மனுஷங்கதானே" என்றாள். "காதுக்குன்னு கேட்டா அது பிச்சை மதாம். கரண்டுக்குன்னு கேட்டா நியாயம்" என்றார் அவர், கட்டடத்துக்கே கேட்கும்படி.

பெட்டி வந்தது, இரைச்சல் அடங்கியது. உடனே தொடங்கியது புகார். தெர்மாமீட்டர் அதே குளிரைத்தான் காட்டியது, ஆனால் சத்தம் இல்லாத குளிரை இந்த ஊரில் யார் நம்புவார்கள்? பல் டாக்டர் விசிறிக்கொண்டே வந்தார். இன்ஷிராஹ்தான் வழி கண்டாள். மணப்பெண் முக்காட்டில் வெட்டி மிஞ்சிய வலைத்துணியை நாடா நாடாவாகக் கத்தரித்துக் கொடுத்தாள். ஷஹாத்தா ஒவ்வொரு கிரில்லிலும் ஒன்று கட்டினார். நாடா ஆடுவதைப் பார்த்ததும் ஜனங்களுக்குக் குளிரத் தொடங்கியது. கட்டடமே கல்யாண வீடு போல இருந்தது.

மசியாதவர் ஹாஜி பெய்யூமி ஒருவர்தான், தரைத்தளத்து ஜவுளிக்கடைக்காரர். சங்கத்தில் பாதிக் கைகள் அவர் கையைப் பார்த்துத்தான் உயரும். "ஏம்பா ஷஹாத்தா, என்னை நாடா காட்டி ஏமாத்துறியா? மிஷின் செத்துப் போச்சு. வியாழக்கிழமை கூட்டத்துல கழட்டச் சொல்லிடுறேன்" என்றார்.

மறுநாள் ஷஹாத்தா ஏணியைத் தூக்கிக்கொண்டு ஹாஜியின் கடைக்கே போனார். பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிரில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே ஹாஜி ஒரு அம்மாள் பக்கம் குனிந்து, "உன் முகத்துக்காக இந்த விலை. வேற யாருக்கும் தரமாட்டேன், வெளிய சொல்லிடாதே" என்றார். கடையின் அந்தக் கோடியில் துணி பார்த்துக்கொண்டிருந்த இன்னொருத்தி திரும்பினாள். "அவ முகத்துக்குக் கம்மியா இருக்கே ஹாஜி. என் முகத்துக்கு என்ன குறைச்சல்?"

ஏணி மேலிருந்த அரைக் காதுக்கே அது கேட்டது. இத்தனை வருஷமும் அம்மணியின் இரைச்சல்தான் ஆளுக்கு ஒரு விலை சொல்லும் ஹாஜியின் ரகசியத்தைக் காத்துவந்திருக்கிறது. வேறொருவராக இருந்தால் அங்கேயே சிரித்து மானத்தை வாங்கியிருப்பார். ஷஹாத்தா இறங்கிவந்து, "நீங்க சொன்னது சரிதான் ஹாஜி. இந்த மூலைக்குக் காத்து கொஞ்சம் பத்தல" என்றார். அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

சாயங்காலம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய மேஜை விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். காற்று பேருக்குத்தான் வந்தது. தகரடப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் மட்டும் கடையை நிறைத்தது. ஹாஜி விசிறியைப் பார்த்தார், ஷஹாத்தாவைப் பார்த்தார். அவருக்கு ஒரு டீ சொன்னார்.

வியாழக்கிழமை கூட்டத்தில் முதலில் உயர்ந்தது ஹாஜியின் கைதான். "பெட்டி இருக்கட்டும். கரண்டு மிச்சம்னா நான் என்னைக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்கேனா?" என்றார். மற்றக் கைகளும் உயர்ந்தன.

சேதியோடும் புதினா போட்ட டீயோடும் இன்ஷிராஹ் அடித்தளத்துக்கு இறங்கினாள். ஷஹாத்தா காதில் பஞ்சில்லாமல், கதவுக்கு முதுகு காட்டி அம்மணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல் குழாயைத் தட்டச் சாவிக்கொத்தை ஓங்கினவள், என்ன நினைத்தாளோ, கையை இறக்கிக்கொண்டாள். பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது போல, "உஸ்தா, டீ ஆறுது" என்றாள்.

ஷஹாத்தா திரும்பினார்.