கடைப்பெயருக்குக் குங்குமம்

போடி பஜாரில் சுருளியாண்டி விளம்பரம் எழுதாத சுவர் கிடையாது. பல்பொடி, பனியன், டார்ச்லைட், ரேடியோ எதுவானாலும் அதைக் கையில் பிடித்துச் சிரித்தது ஒரே பெண்தான். அவளுக்கு அவன் மனைவி மொக்கம்மாளின் முகம். ஊரையே பல்பொடி வாங்க வைத்த அந்த முகம் வீட்டில் அடுப்புக்கரியால்தான் பல் துலக்கியது.

ஊர் அவனைப் பெயிண்டர் என்றது. அவன் தன்னை ஓவியன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். யாருக்கும் கெடுதல் இல்லாத நினைப்பு என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

வருடா வருடம் சண்முகராஜ் அண்ணாச்சியின் எவர்சில்வர் கடைக் காலண்டருக்கும் அவன்தான் படம் எழுதுவான். அது சிவகாசியில் அச்சாகி, பக்கத்துத் தேவாரம் ஊர் வரைக்கும் வீட்டுக்கு வீடு தொங்கும். எழுபத்து மூன்றாம் வருடம் அண்ணாச்சி படத்தைப் பார்த்துவிட்டு, "முருகன் நல்லாத்தான் இருக்காரு. கொஞ்சம் சுருக்குய்யா, கடைப் பேரு தெரியணும்ல" என்றார். மறுவருடம் மயில் போனது. அதற்கடுத்த வருடம் வள்ளியும் தெய்வானையும் போய், அந்த இடத்தில் இட்லிக் கொப்பரை வந்து உட்கார்ந்தது.

சுருளிக்குப் பொறுக்கவில்லை. "இந்தத் தடவ நான் எழுதுற படத்தப் பாத்து அந்த மனுசன் வெக்கப்படணும்" என்று மொக்கம்மாளிடம் சொன்னான்.

"வெக்கப்பட்டுட்டாகன்னா நமக்கு வேல யாரு குடுப்பா?"

நியாயமான கேள்வி. ஓவியன் காதில் ஏறுமா?

ஒரு வீட்டின் சாமி மாடத்தை எழுதினான். அதில் ஒரு காலண்டர். காலண்டரின் மூலையில் பெருவிரல் அளவு முருகன், மிச்சமெல்லாம் கடைப்பெயர். எழுத்துக்கு எழுத்து சந்தனமும் குங்குமமும். முன்னால் மொக்கம்மாள் முகத்தோடு ஒரு பெண் கண்ணை மூடிக் கும்பிடுகிறாள். ஓரத்தில் தன் பெயரை முதன்முதலாக முழுசாகப் போட்டான். உண்மையிலேயே நல்ல படம். அதை மறைக்க எனக்கு மனசில்லை.

அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"முப்பது வருச யாவாரம் சுருளி. எம் மனசுல இருந்தத இப்பத்தான்யா ஒருத்தன் எழுதியிருக்கான்."

"அண்ணாச்சி, இது கேலிப் படம்."

"கேலியோ கீலியோ, கடைப் பேரு எப்படித் தெரியுது பாரு."

ஜனவரி பிறந்ததும் ஐயாயிரம் காலண்டர் வந்து இறங்கியது. சுருளியின் பெயர் இருந்த ஓரத்தில் கடையின் போன் நம்பர் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மொக்கம்மாள் தலைக்குக் குளித்து, புதுக் காலண்டரைச் சாமி மாடத்தில் மாட்டி, குங்குமத்தை எடுத்தாள்.

"அங்கன வைக்காத. அது கடைப் பேரு."

"முருகனுக்கு வச்சா ஆளே மறைஞ்சு போறாரு. இங்கனதான் எடமிருக்கு" என்று கடைப்பெயரின் நடுவில் பொட்டு வைத்தாள். "நீங்களும் வந்து கும்பிடுங்க. நமக்குச் சோறு போடுற பேருதான?"

கண்ணை மூடி அவள் நின்ற நிற்பு அவன் எழுதியபடியே இருந்தது. சுருளி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றான். கைகள் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் சேர்ந்துவிட்டன.