இடது மூக்கின் விரதம்

ஒரு கட்டு பீஸைத் தைத்துத் தள்ளியதும் ஜெயசுதாவின் கை தானாக ஓவர்லாக் மிஷினின் ஓரத்தைத் துழாவும். அங்கேதான் மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே நிற்கும். வலது துளையில் ஒரு அடி. இடது துளைக்கு மட்டும் இப்போது மருந்து கிடையாது. அது விரதம்.

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் பஞ்சுத்தூசுக்குக் குறைவில்லை. ஐப்பசிச் சளிக்காக அவள் வாங்கிவந்த ஸ்ப்ரே, கத்தரிக்கோலைப் போலவே வரிசை முழுக்கக் கைமாறியது. ஒருத்தி மூக்கில் நுழைத்ததை அடுத்தவளும் நுழைத்தாள். சளியும் கூடவே மிஷின் மிஷினாக நகர்ந்தது. அந்தப் புண்ணியத்தை ஆரம்பித்து வைத்தவள் ஜெயசுதாதான். அடித்ததும் திறந்துகொள்ளும் மூக்கு, கொஞ்ச நேரத்தில் முன்னைவிட இறுக அடைக்கும். மறுபடி அடிப்பாள். பங்குனி வந்தும் விடவில்லை.

வாயால் மூச்சுவிட்டுத் தூக்கம் கெட்டது. கண் செருகியதில் ஊசி விரலில் ஏறியது. இன்னொரு முறை ஏறினால் ஹெல்பராக இறக்கிவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். டெய்லர் என்று பெயர் வாங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பயந்துதான் போனாள்.

மூக்கு டாக்டரம்மா விளக்கினார். மூக்குக்குள் வீங்கிய ரத்தக்குழாய்களை மருந்து சுருக்குகிறது. நாள்கணக்கில் அடித்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் அவை இன்னும் வீங்கிக்கொள்ளும். முதலில் ஒரு பக்கம் நிறுத்து, அது திறந்ததும் மறுபக்கம் என்றார். வறட்சிக்கு உப்புநீர் ஸ்ப்ரே கொடுத்தார்.

"அடைப்புக்கு மருந்துன்னு இருந்தேனுங்க. மருந்தேதான் அடைப்பாமா" என்று வரிசைக்கே சொன்னாள் ஜெயசுதா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இடது பக்கம் சுவர் எழுப்பியதுபோல் அடைத்துக்கொண்டபோதும், பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள்.

பத்து நாள் கழித்து, பக்கத்து மிஷின் காளியாத்தாள் தும்மிக்கொண்டே கையை நீட்டினாள். "இங்க குடு கண்ணு, ஒரே அடி."

"உங்களுக்குத் தனியா வாங்கிக்குங்கக்கா. மூணு நாளைக்கு மேல அடிச்சுப்போடாதீங்க."

"பெரிய டாக்டரம்மா" என்றாள் காளியாத்தாள். நீட்டிய கையை மடக்கவில்லை.

ஜெயசுதா வலது மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி, இடது பக்கமாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். காற்று தடையில்லாமல் உள்ளே போனது. மருந்து ஸ்ப்ரேயை எடுத்து, நீட்டியிருந்த கையைத் தாண்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பெடலை மிதித்தாள்.