மணந்ததாக நான் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். நெல்லியடிச் சந்தைக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வளைந்து வளைந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று என்னுடன் மோதியது. இருவரும் விழுந்தோம். என் முழங்கை உரசி இரத்தம் வந்தது.

மோட்டார் சைக்கிளில் வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். எழும்பப் பார்த்தார், கால் பின்னியது. மதிலைப் பிடித்தபடி வாந்தி எடுத்தார். "விடியவே குடிவெறி" என்றார்கள் கூடி நின்றவர்கள். பொலிஸ்காரர் வந்து கருவியில் ஊதச் சொன்னார். அவரால் ஊத முடியவில்லை.

பொலிஸ்காரர் என்னிடம் திரும்பினார். "அக்கா, உங்களுக்குக் கிட்டத்தானே விழுந்தவர். சாராயம் மணந்ததோ?"

"ஓம்" என்றேன்.

உண்மையில் எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. ஆத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது.

குடித்திருக்கிறாரா என்று வைத்தியரிடம் காட்ட அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காயத்துக்கு மருந்து கட்ட நானும் போனேன். பக்கத்துக் கட்டிலடியில்தான் அவரைச் சோதித்தார்கள். இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்கு ஒரே புதினம். வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைத்தியர் ஓர் இளம்பெண். மோட்டார் சைக்கிள்காரரின் வாயருகே குனிந்து மணந்து பார்த்தார். கண்ணுக்குள் டோர்ச் அடித்தார். விரலால் மூக்கு நுனியைத் தொடச் சொன்னார். நேராக நடக்கச் சொன்னபோது இரண்டாவது அடியிலேயே இடப்பக்கம் சரிந்துவிட்டார். 'பார்த்தீர்களா' என்பதுபோல் பொலிஸ்காரர் படிவத்தை நீட்டினார். வைத்தியர் அதை வாங்கவில்லை.

"அண்ணை, என்ன தொழில் செய்யிறியள்?"

"கடலட்டை பிடிக்கிறனான். சுழியோடி."

"இண்டைக்கும் கடலுக்கை இறங்கினனீங்களோ?"

"ஓம் டொக்டர். சிலிண்டரிலை காத்து முடிஞ்சிட்டுது. கெதியா மேலை வந்திட்டன். பிறகு ஒரே தலைச்சுத்து. மருந்தெடுக்கத்தான் வந்தனான்."

வைத்தியர் பொலிஸ்காரரைப் பார்த்தார். "இவர் குடிக்கேல்லை. ஆழத்திலையிருந்து கெதியா மேலை வந்தால் இரத்தத்திலை காத்துக் குமிழ் வரும். இவருக்கு அது உடம்பை நேரா நிறுத்துற உள்காதைத் தாக்கியிருக்கு, அதுதான் தள்ளாடுறார். சுணங்கினால் பிறகு நடக்கவே ஏலாமல் போகலாம்."

அடுத்த நிமிடமே ஒட்சிசன் பொருத்தி, அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். பொலிஸ்காரரே ஸ்ட்ரெச்சரில் ஒரு பக்கம் பிடித்தார். நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து அவரைப் பார்க்க யாழ்ப்பாணம் போனேன். வார்டுக்குள் மெல்ல நடந்துகொண்டிருந்தார். "உங்கடை கைக் காயம் மாறீட்டுதே அக்கா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நான் பொலிசிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன்.

"நான் குடிக்கிறனான்தான். அண்டைக்கு மட்டும் குடிக்கேல்லை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வைத்தியருக்கு இவரிடம் தொழிலைக் கேட்கத் தோன்றியது. எனக்கு ஏன் 'தெரியாது' என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை என்பதை இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.