ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பேக்கேஜ்

செய்த திருட்டுத்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரத்தோட்டையில் ஒரு கணக்கு டீச்சரின் கணினிக்கு ஒரே நாளில் போட்டுக் கொடுத்திருக்க வேண்டிய மென்பொருளை எட்டு வாரம் இழுத்தடித்தேன். காரணம் அந்த டீச்சர்தான். அவரைப் பார்க்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

யுத்தம் முடிய இன்னும் ஓரிரு வருடங்கள் இருந்தன. நான் மாத்தளை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டுக்குப் போன் பேசுவது, இன்டர்நெட் பார்ப்பது, போட்டோ கொப்பி எடுப்பது எல்லாம் அங்கேதான். தவணைக்கு ஒருமுறை வினாத்தாளைக் கொப்பி எடுக்க டீச்சர் வருவார். ஒருநாள், வைரஸ் புகுந்து வீட்டுக் கணினி படுத்துவிட்டது என்று வருத்தப்பட்டார். "லினக்ஸ்னு ஒரு இலவச சிஸ்டம் இருக்கு, அதைப் போடுவோம் டீச்சர், வைரஸ் தொல்லையே இல்ல, நானே வந்து போட்டுத் தாறேன்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். கடை முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டுமே!

டீச்சருக்கு வேண்டியது இரண்டே இரண்டு. வினாத்தாளைத் தமிழில் அடிக்க வேண்டும், அதில் முக்கோணமும் வட்டமும் வரைய வேண்டும். முதல் ஞாயிறே லினக்ஸும் ஏறியது, தமிழும் வந்தது. வரையும் மென்பொருள்தான் பாக்கி.

இன்டர்நெட் இருந்தால் அது ஒரு வேலையே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், கேட்ட மென்பொருளையும் அதற்குத் துணையான பேக்கேஜ்கள் என்ற குட்டி மென்பொருள்களையும் கணினியே இறக்கிப் போட்டுக்கொள்ளும். டீச்சர் வீட்டில் இன்டர்நெட் இல்லை. கடையில் இறக்கி, சீடியில் பதிந்து, பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோய்ப் போட்டால், இன்னொரு பேக்கேஜ் இருந்தால்தான் ஆச்சு என்று அடம்பிடிக்கும். அடுத்த வாரம் அதைக் கொண்டுபோனால், அது வேறொன்றைக் கேட்கும். கல்யாணத்துக்கு அழைத்த மாமா, சித்தப்பா வந்தால்தான் வருவேன் என்று முறுக்கிக்கொள்வது போலத்தான்.

என்னென்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் அறிய ஒரு வழி இருந்தது. எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அடுத்த ஞாயிறு நான் எங்கே போவது?

டீச்சரின் அப்பா தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் போனால் அதே அறையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எழுந்து போகவே மாட்டார், மனிதர். கிளம்பும்போது மட்டும், "இன்னைக்கு முடிஞ்சிருச்சா தம்பி?" என்பார். "இன்னும் ஒண்ணு கேக்குதுங்க ஐயா" என்பேன். டீச்சர் இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவருவார். அதற்காகவே அந்தப் பேக்கேஜ்கள் இன்னும் நூறு கேட்டாலும் நல்லது என்று இருந்தது.

எட்டாவது ஞாயிறு, பிளேன்டீக்குப் பதிலாக ஒரு தாளை நீட்டினார். அழகான கையெழுத்தில், இலக்கமிட்டு, முப்பத்தொரு பேக்கேஜ்களின் பெயர்கள்.

"இது என்ன டீச்சர்?"

"மிச்சம் வேண்டியதெல்லாம். லினக்ஸோட வந்த மெனுவல்ல ஒரு ஒப்ஷன் இருக்கு. எதையும் இறக்காம, என்னென்ன வேணும்னு மட்டும் ஒரேயடியா காட்டுது. உங்களுக்குத் தெரியாதா?"

கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காகப் பேக்கேஜ்களின் முழு அட்டவணையையும் இரண்டாவது வாரமே அவர் கணினியில் ஏற்றிவைத்தது என் முட்டாள்தனம். அது இல்லாமல் அந்த ஒப்ஷன் எதையும் காட்டியிருக்காது. மெனுவலை அவர் வாசிப்பார் என்று யார் கண்டது? "தெரியும்" என்று வாய் தவறி உளறிவிட்டேன்.

"தெரியுமா! தெரிஞ்சுகிட்டேதான் ஒண்ணு ஒண்ணா கொண்டு வந்தீங்களா? தவணைப் பரீட்சைக்கு முக்கோணமெல்லாம் நான் கையாலதான் வரைஞ்சேன். ஒண்ணு கோணிப் போயி, பிள்ளைங்களுக்கு விடையே வரல."

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. பிள்ளைகளை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. அவர் கோபத்தில் சிவந்தபோதும் அழகாக இருக்கிறாரே என்று அந்த நேரத்திலும் நினைத்தேன் பாருங்கள், என்னை எதால் அடிப்பது?

அந்த வாரம் முப்பத்தொன்றையும் இறக்கினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனால் இன்னொரு ஞாயிறு கிடைக்குமே என்று ஒரு கணம் மனம் சபலப்பட்டது. கோணிய முக்கோணம் ஞாபகம் வந்தது. ஒன்றுவிடாமல் பதிந்தேன். இதுதான் கடைசிப் பயணம் என்று தெரிந்தே பஸ் ஏறினேன். வழியில் ஆமி செக்பொயின்டில் வழக்கம்போல இறக்கிச் சோதித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், சீடியைத் தூக்கி, என்ன படம் என்று சிங்களத்தில் கேட்டார். படம் இல்லை, கணினிக்குப் போடுவது என்றேன். முகம் தொங்கிப்போய்த் திருப்பித் தந்தார்.

கால் மணி நேரத்தில் எல்லாம் ஏறிவிட்டது. டீச்சர் ஒரு முக்கோணம் வரைந்தார். கோடு பிசகாமல் நின்றது. அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. கடைசியாக ஒரு முயற்சி செய்தேன்.

"இதோட முடியாது டீச்சர். எல்லாத்துக்கும் அப்டேட் வந்துகிட்டே இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவையாவது நான் வந்து..."

"அதுக்கும் லிஸ்ட் எடுக்கத் தெரியும். டவுனுக்கு வர்றப்ப நானே பதிஞ்சு எடுத்துக்கிறேன். நீங்க வர வேண்டியதில்ல."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இன்னைக்கு முடிஞ்சிருச்சா தம்பி?" என்றார் அப்பா.

"முடிஞ்சிருச்சுங்க ஐயா."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"அப்பா, கம்ப்யூட்டருக்காக இவரு இனி வரத் தேவையில்ல. அடுத்த ஞாயிறு வந்தாருன்னா என்னையப் பார்க்கத்தான் வருவாரு. வரச் சொல்லவா?"

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். ஒன்பது வாரத்தில் முதல்முறையாக அவர் என்னிடம் வேறொன்று சொன்னார்.

"தனியா பஸ்ஸுல வர வேணாம் தம்பி. அம்மா அப்பாவைக் கூட்டிக்கிட்டு, வேன் பிடிச்சு வாங்க."