இரட்டைப்படையில் வந்த சந்தேகம்

கணிதத் துறை மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பெசல் மேடம். முரசுத் தோல் அதிரும்போது எழும் அலையைச் சொல்கிற பெசல் சார்பை எந்த வகுப்பிலும் எப்படியாவது இழுத்துவிடுவாள். அந்தச் சார்பைப் பல கற்பனை அலகுகள் கொண்ட எண்களுக்குக் கொண்டுபோவதுதான் அவள் ஆராய்ச்சி. முரட்டு எண்கள் அவை. இடம் மாற்றிப் பெருக்கினால் விடையே மாறிவிடும். அலகுகள் மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையாக இருந்தால் பிரச்சினை இல்லை. இரட்டைப்படை என்றால், அரைத் தடவை வகையிடு என்று கணக்கு அடம்பிடிக்கும். அதற்கு ஒரு வழி இப்போதுதான் அவளுக்குப் பிடிபடத் தொடங்கியிருந்தது. வீட்டில் பல் டாக்டரான கணவரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்போதுதான் கருத்தரங்கு அறிவிப்பு ஒட்டினார்கள். தலைப்பு, இரட்டைப்படை அலகுகளில் பெசல் சார்பு. பேசுபவர், அவளோடு ஒரே அறையில் உட்காரும், தினமும் சைக்கிளில் வரும் சைக்கிள் சார்.

நின்ற இடத்திலேயே அதை இரண்டு தடவை படித்தாள். அன்றுவரை சாதாரணமாகத் தெரிந்ததெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. அவள் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் அந்த ஆள் ஏன் அறையிலேயே இருந்தார்? அவள் உள்ளே வந்தால் தாள்களை ஏன் கவிழ்த்து வைத்தார்? அறையின் கரும்பலகையில் அவள் கணக்கு வாரக்கணக்கில் அழியாமல் கிடந்ததே! அன்றே பலகையைத் துடைத்தாள். மேசை இழுப்பறைக்குப் பூட்டு வாங்கினாள். நாற்காலியைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். டீக்கு வரீங்களா என்று அவர் கேட்டபோது தலைவலி என்றாள்.

சாப்பிடும்போது கணவர் சொன்னார். "நேரா கேட்டுத் தொலையேன்."

"கேட்டா ஒத்துக்குவாரா?"

"என்கிட்ட வர்றவங்க எல்லாரும் தினம் ரெண்டு வேளை பல் தேய்க்கிறதாத்தான் சொல்றாங்க. ஆனா வாயைத் திறந்தா தெரிஞ்சிடுது."

கருத்தரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எந்த இடத்தில் எழுந்து, என்ன கேட்டு, அவரை எப்படி மடக்குவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாயிற்று. சைக்கிள் சார் பேச ஆரம்பித்தார். அவள் தொகையீட்டின் வழியே போனவள். அவரோ ஃபூரியர் மாற்றம் என்ற வேறு பாதையில் இறங்கினார். நம்பவில்லை அவள். வேஷம் மாற்றிப் போட்டிருக்கிறார் என்றே நினைத்தாள். பாதியில் அவர், இந்தத் தொகையீடு ஒருங்கும், முடிவுள்ள ஒரு விடையில் போய் நிற்கும் என்று சொல்லிவிட்டுச் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போனார்.

அது ஒருங்காது. அதே குழியில் இரண்டு மாதம் கிடந்தவள் அவள். பலகையில் சிவப்புச் சாக்பீஸால் பெரிதாக அடித்து, 'ஒருங்காது' என்று எழுதியும் வைத்திருந்தாள். அதைப் பார்த்துத் திருடியவர் இங்கே வந்து விழுவாரா?

மடக்குவதற்காக வைத்திருந்த கேள்வியைக் கேட்காமலே விட்டுவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் கைகள் மடியிலேயே இருந்தன.

அறைக்குத் திரும்பியதும் தொகையீட்டில் இருந்த ஓட்டையை முதலில் காட்டினாள். அவர் முகம் வெளிறியது. மற்றதையும் போட்டு உடைத்தாள். "என் பலகையைப் பார்த்து நீங்க எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன் சார்."

அவர் ஹெல்மெட்டின் வாரைத் திருகினார். "உங்க பலகையை நான் நிமிர்ந்துகூட பார்த்ததில்ல மேடம். திடீர்னு பூட்டு வாங்கினீங்க, என்னைப் பார்த்தாலே பேச்சை நிறுத்துனீங்க. அதுக்கு முன்னாடியே அச்சு மெஷின்ல நான் விட்டுட்டு வந்த தாள் காணாமப் போச்சு. அதை நீங்க எடுத்துட்டீங்களோன்னு பயந்துதான் நான் தாளையெல்லாம் கவிழ்த்து வெச்சேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. திருடி என்று தன்னையும் ஒருவர் நினைத்திருக்கக்கூடும் என்பது அவள் மனசில் தோன்றவே இல்லை. ஆனால் கோபப்படத் தனக்கு என்ன யோக்கியதை?

அதன் பிறகு ஒரு வாரம் இருவரும் வணக்கத்தோடு சரி. சிரித்துப் பேசப் பழையபடி வரவில்லை. அடுத்த வாரம் அவர்தான் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார்.

"அந்தத் தொகையீட்டை எப்படித் தாண்டுனீங்க?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு இழுப்பறைப் பூட்டைத் திறந்து தன் கணக்குத் தாள்களை எடுத்து அவர் முன் வைத்தாள்.